ரத்த அழுத்த மாத்திரையும் இதயச் செயலிழப்பும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

உயர் ரத்த அழுத்தம் குறித்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பக்கவாதத்தையும் மாரடைப்பையும் பற்றியே கேட்கின்றன. அவ்விரண்டுக்கும் இணையான மூன்றாவது ஆபத்தான இதயச் செயலிழப்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இதயம் திடீரென்று நின்றுபோவதை இது குறிப்பதில்லை. உடலுக்குத் தேவையான ரத்தத்தை அனுப்ப முடியாமலோ, நுரையீரலிலும் கால்களிலும் நீரைத் தேங்க விட்டபடியே அனுப்பும் நிலையிலோ இதயம் திணறுவதுதான் இதயச் செயலிழப்பு. பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு வரும் இந்த நோயை ரத்த அழுத்த மாத்திரைகளால் பெருமளவு தடுக்க முடியும் என்பதால், இந்த முறை இதைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கீழே உள்ளவை பொதுவான விளக்கங்கள். உங்களுக்கு எழுதித் தரப்பட்ட மருந்தையோ அளவையோ இவற்றைப் படித்துவிட்டு நீங்களாக மாற்ற வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 56. ஆறு ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மி.கி., டெல்மிசார்டன் 40 மி.கி. ஆகிய இரண்டு மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறேன். சில மாதங்களாக அழுத்தம் 124/78 என்ற அளவிலேயே இருக்கிறது. சோதனையாக இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் 128/80தான். நோய் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். இரண்டு நாளில் அழுத்தம் ஏறாததற்குக் காரணம், நீங்கள் சாப்பிடும் மருந்துகள் அவ்வளவு விரைவாக உடலை விட்டு நீங்காததுதான். அம்லோடிபினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே 35 முதல் 50 மணி நேரம் ஆகும். டெல்மிசார்டனுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆகவே இரண்டாம் நாள் நீங்கள் பார்த்த 128/80 என்ற அளவும் மருந்து தந்த அளவே. இன்னும் பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்திருந்தால் அது பழைய இடத்தை நோக்கி நகர்ந்திருக்கும்; தலைவலியோ தலைச்சுற்றலோ இல்லாமல் நகர்ந்திருக்கும் என்பதால் அது உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ரத்தக் குழாய்களின் விறைப்பு, உப்பை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கு ஏற்படும் சுணக்கம், நரம்புகளும் ஹார்மோன்களும் தரும் ஓயாத தூண்டல் ஆகியவை சேர்ந்துதான் அழுத்தத்தை உயர்த்துகின்றன. மாத்திரை இவற்றைக் குணப்படுத்துவதில்லை, அடக்கி வைக்கிறது. 124/78 என்ற அளவு உங்கள் சிகிச்சை சரியாக நடக்கிறது என்பதையே காட்டுகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் 160 என்ற அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டுமா, 125ஐ எதிர்த்துத் தள்ளினால் போதுமா என்பதை அந்த இரண்டு மாத்திரைகள்தாம் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்விலிருந்து 1996இல் வெளியான கட்டுரை ஒன்று, புதிதாக இதயச் செயலிழப்புக்கு ஆளானவர்களில் 91 சதவீதம் பேருக்கு அதற்கு முன்பே உயர் ரத்த அழுத்தம் இருந்ததைக் காட்டியது. எனக்கு வரும் நோயாளிகளிடம் நான் அடிக்கடி சொல்லும் எண் இது.

அதே நேரத்தில், ஒருமுறை தொடங்கிய அளவை ஆயுள் முழுவதும் குறைக்கவே முடியாது என்று நினைக்க வேண்டியதில்லை. உடல் எடை கணிசமாகக் குறைந்தவர்கள், உப்பை உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்கு 5 கிராம் என்ற அளவுக்குள் கொண்டு வந்தவர்கள், மதுவை விட்டவர்கள் ஆகியோரில் சிலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிகிறது. அதை ஒரு நேரத்தில் ஒரு மருந்தாக, மருத்துவரின் கண்காணிப்பில், பல வாரங்கள் வீட்டு அளவீடுகளைக் குறித்துக்கொண்டே செய்ய வேண்டும். இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற பீட்டா தடுப்பான்களையும், குளோனிடின் என்ற மற்றோர் அழுத்த மருந்தையும் திடீரென்று நிறுத்துவது குறிப்பாக ஆபத்தானது. குளோனிடினை நிறுத்திய ஓரிரு நாளிலேயே அழுத்தம் முன்பிருந்ததை விட மேலே பாயக்கூடும். இதயக் குழாய் அடைப்பு உள்ளவர் பீட்டா தடுப்பானைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

கேள்வி: நான் 48 வயது ஆண். பத்தாண்டுகளாக எனக்கு அழுத்தம் 150/95 முதல் 160/100 வரை இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாததால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அண்மையில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள். அறிக்கையில் இடது கீழறைச் சுவரின் தடிமன் 13 மி.மீ., வெளியேற்ற விகிதம் 62 சதவீதம், முதல் நிலை டயஸ்டாலிக் செயல்குறைவு என்று போட்டிருக்கிறது. 62 சதவீதம் என்றால் என் இதயம் மூன்றில் இரண்டு பங்குதான் வேலை செய்கிறதா? எனக்கு இதயச் செயலிழப்பு வந்துவிட்டதா?

பதில்: உங்கள் அறிக்கையில் நீங்கள் பயப்பட வேண்டாத எண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள், கவனிக்க வேண்டிய எண்ணைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

வெளியேற்ற விகிதம் என்பது, இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதைக் குறிக்கும். முழு ரத்தத்தையும் எந்த இதயமும் வெளியேற்றுவதில்லை. 50 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்று பொருள். உங்கள் 62 முற்றிலும் இயல்பானது.

கவனிக்க வேண்டியது 13 மி.மீ. என்ற எண். ஆண்களுக்கு அந்தச் சுவர் 10 மி.மீ. வரை இருப்பது இயல்பு. பத்தாண்டுகளாகக் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, உங்கள் இதயத் தசை தடித்திருக்கிறது. தடித்த தசை வலுவான தசைதானே என்று பலர் கேட்பார்கள். ஓர் அறையின் சுவர்களுக்கு உட்பக்கமாகவே மேலும் மேலும் பூச்சுப் பூசிக்கொண்டு போனால் சுவர் கனமாகும், ஆனால் உள்ளே இருக்கும் இடம் குறைந்துவிடும். கீழறைக்கும் அதுதான் நேர்கிறது. அதோடு, தடித்த தசைகளுக்கு நடுவே நார்த்திசுவும் படிவதால் சுவர் விறைத்துப்போகிறது. இதயம் சுருங்குவதைப் போலவே, ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தளர்ந்து விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதும் அதன் வேலையே. விறைத்த சுவர் எளிதில் விரிவதில்லை. அறிக்கையில் டயஸ்டாலிக் செயல்குறைவு என்று எழுதியிருப்பது இதைத்தான்.

விரியாத அறைக்குள் ரத்தம் நுழைய வேண்டுமானால் அதற்குப் பின்னால் உள்ள அழுத்தம் கூட வேண்டும். அந்தக் கூடுதல் அழுத்தம் இடது மேலறை வழியாக நுரையீரலுக்குத் திரும்புகிறது. ஓய்வாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. படியேறும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, விரிவதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது, நுரையீரலில் அழுத்தம் ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது. வெளியேற்ற விகிதம் இயல்பாக இருக்கும்போதே வரும் இதயச் செயலிழப்பு இப்படித்தான் தொடங்குகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் எக்கோ இயல்பாக இருக்கிறது என்று சொல்லப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

உங்களுக்கு அந்த நோய் வந்துவிட்டதா என்பதை இந்த அறிக்கை ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. முதல் நிலை டயஸ்டாலிக் செயல்குறைவு வயது ஏற ஏற நோய் இல்லாதவர்களிடமும் காணப்படும். மூச்சிரைப்புக்கு ரத்தச்சோகை, நுரையீரல் நோய், உடற்பருமன், இதயக் குழாய் அடைப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. இதயம் திணறும்போது அதன் தசையிலிருந்து சுரக்கும் என்.டி. புரோ பி.என்.பி. என்ற பொருளை ரத்தத்தில் அளந்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். அந்தச் சோதனை தேவையா என்று உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இரண்டு மூன்று தலையணை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா, தூக்கத்தின் நடுவே மூச்சுத் திணறி எழுந்து உட்கார்கிறீர்களா, மாலையில் கணுக்கால் வீங்குகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் இருக்கும் கட்டம் இன்னும் திருப்பத்தக்கது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அழுத்தத்தைத் தொடர்ந்து கட்டுக்குள் வைத்திருந்தால், தடித்த சுவர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைகிறது. இடது கீழறை தடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், லோசார்டன் சாப்பிட்டவர்களிடம் அட்டெனோலால் சாப்பிட்டவர்களை விட அந்தத் தடிப்பு கூடுதலாகக் குறைந்தது. தடிப்பு குறைந்தவர்கள் பின்னாளில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர வேண்டி வந்ததும் குறைந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், நினைவு வந்தால் சாப்பிடுவது என்ற பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிட்டு, ஓராண்டு ஒழுங்காக மருந்து சாப்பிட்ட பிறகு எக்கோவைத் திரும்ப எடுத்து இந்த 13 என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது. எனக்கு குளோர்தாலிடோன் என்ற பழைய நீர் மாத்திரையைத்தான் மருத்துவர் தந்திருக்கிறார். என் தங்கைக்குப் புதிய மருந்துகள் தருகிறார்கள். இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் எந்த மாத்திரை சிறந்தது? பழையது என்பதால் எனக்குக் குறைவான சிகிச்சை கிடைக்கிறதா?

பதில்: நீங்கள் குறைத்து மதிப்பிடும் அந்த நீர் மாத்திரைக்கு, இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் வேறு எந்தப் பிரிவு மருந்துக்கும் குறையாத சான்று இருக்கிறது.

1970இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் சேர்ந்து, 380 ஆண்களிடம் நடத்திய ஆய்வு வெளியானது. பாதிப் பேருக்கு நீர் மாத்திரையுடன் அக்காலத்தில் இருந்த வேறு இரண்டு மருந்துகளும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 11 பேருக்கு இதயச் செயலிழப்பு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு எதற்கு மருந்து என்று மருத்துவர்களே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறகு 1991இல், 60 வயதைக் கடந்து மேல் எண் மட்டும் உயர்ந்திருந்த 4,736 பேரிடம் நடந்த ஆய்வில், உங்கள் குளோர்தாலிடோனையே முதல் மருந்தாகக் கொடுத்தபோது இதயச் செயலிழப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வயதானால் மேல் எண் கூடத்தான் செய்யும், அதை விட்டுவிடலாம் என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வு முடிவு கட்டியது.

மருந்துகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட்ட மிகப் பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. 33,357 பேருக்கு குளோர்தாலிடோன், அம்லோடிபின், லிசினோபிரில் ஆகிய மூன்றில் ஒன்று தரப்பட்டது. மாரடைப்பைத் தடுப்பதில் மூன்றும் சமமாக இருந்தன. இதயச் செயலிழப்பில் தெளிவான வேறுபாடு தெரிந்தது: குளோர்தாலிடோனோடு ஒப்பிட, அம்லோடிபின் சாப்பிட்டவர்களுக்கு அது 38 சதவீதமும் லிசினோபிரில் சாப்பிட்டவர்களுக்கு 19 சதவீதமும் கூடுதலாக வந்தது. அதே ஆய்வில் டாக்ஸசோசின் என்ற நான்காவது மருந்தும் முதலில் சேர்க்கப்பட்டிருந்தது. அதைச் சாப்பிட்டவர்களிடம் இதயச் செயலிழப்பு இரு மடங்காக வந்ததால் 2000ஆம் ஆண்டிலேயே அந்தப் பிரிவை நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்தும் அழுத்தத்தைக் குறைக்கத்தான் செய்தது. எண்ணைக் குறைக்கும் மருந்தெல்லாம் இதயத்தை ஒரே அளவில் காப்பதில்லை என்பதை அன்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது. புரோஸ்டேட் வீக்கத்துக்காகவோ, மற்ற மாத்திரைகளோடு கூடுதலாகவோ டாக்ஸசோசின் சாப்பிடுபவர்கள் இதைப் படித்து நிறுத்திவிட வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு அதை முதல் மருந்தாகத் தருவதில்லை என்பதே இதிலிருந்து வந்த மாற்றம்.

இதற்காக எல்லோரும் நீர் மாத்திரைக்கு மாறிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஒரே மருந்து போதுவதில்லை. இரண்டு மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்துத் தருவதே இன்றைய நடைமுறை. சர்க்கரை நோயுடன் சிறுநீரில் புரதம் போகிறவருக்கு லிசினோபிரில், டெல்மிசார்டன் போன்றவை சிறுநீரகத்தையும் காக்கின்றன. அதே மருந்துகளைக் கருவுற்ற பெண்களுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் தரக் கூடாது. மாரடைப்பு வந்தவருக்குப் பீட்டா தடுப்பான் தேவைப்படலாம். சர்க்கரை நோய்க்காக வந்த எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் ஆகியவை இதயச் செயலிழப்பையும் தடுப்பது 2015க்குப் பிறகு தெளிவாகியிருக்கிறது. உங்கள் தங்கைக்கு வேறு மருந்து தரப்படுவதற்கு அவருடைய உடல்நிலையே காரணமாக இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: குளோர்தாலிடோன் ரத்தத்தில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைக்கக்கூடியது என்பதால், தொடங்கிய சில வாரங்களிலும் பிறகு அவ்வப்போதும் அவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் பிடிப்பு, அளவு மீறிய சோர்வு, குழப்பம் ஆகியவை இருந்தால் அடுத்த சோதனை வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அம்லோடிபின் 10 மி.கி. தொடங்கிய பிறகு என் இரு கணுக்கால்களும் மாலையில் வீங்குகின்றன. இதயம் பழுதாகிவிட்டது என்று பயந்து, மருந்துக் கடையில் கேட்டு ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டேன். வீக்கம் குறையவில்லை. அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், நீங்களாகத் தொடங்கிய அந்த மாத்திரையைத் தொடரவும் வேண்டாம். அம்லோடிபின் நுண்தமனிகளை விரிக்கிறது, ஆனால் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் நடுவில் உள்ள தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. உடலில் மொத்தமாக நீர் கூடியதால் வந்த வீக்கம் இதுவன்று என்பதால்தான் ஃபுரோசமைடு பலன் தரவில்லை. 10 மி.கி. அளவில் இது மிகவும் சாதாரணம். 5 மி.கி. ஆகக் குறைத்து, டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்த்தாலே பலருக்கு வீக்கம் வடிந்துவிடுகிறது. ஆனால் வீக்கத்தோடு மூச்சிரைப்பு, வேகமான எடைக் கூடுதல், கழுத்துச் சிரை புடைப்பு ஆகியவை இருந்தாலோ, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் இருந்தாலோ காரணம் வேறு; உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 83. மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் 158/70 இருக்கிறது. எழுந்து நிற்கும்போது சில சமயம் தலை சுற்றுவதாகச் சொல்கிறார். இந்த வயதில் அழுத்தத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: 80 வயதுக்கு மேல் சிகிச்சை நன்மை செய்யுமா என்ற ஐயம் மருத்துவர்களுக்கே நெடுங்காலம் இருந்தது. 2008இல் வெளியான ஆய்வு அதைத் தீர்த்தது. 80 வயதைக் கடந்த 3,845 பேரில் ஒரு பகுதியினருக்கு இன்டபமைடு என்ற நீர் மாத்திரையும், தேவைப்பட்டபோது பெரிண்டோபிரில் என்ற அழுத்த மாத்திரையும் தரப்பட்டன. இதயச் செயலிழப்பு 64 சதவீதம் குறைந்தது; மரணங்களும் குறைந்தன. அங்கே வைத்த இலக்கு 150/80தான். பிறகு 2015இல், 50 வயதுக்கு மேற்பட்ட, சர்க்கரை நோய் இல்லாத 9,361 பேரிடம் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டு வந்தபோது, 140க்குக் கீழே வைத்திருந்தவர்களை விட இதயச் செயலிழப்பு 38 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தத் தீவிர சிகிச்சை பெற்றவர்களிடம் மயக்கம், தாழ் அழுத்தம், சோடியம் குறைதல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கூடுதலாக இருந்தன.

எனவே உங்கள் தாயாருக்குச் சிகிச்சை தேவை. எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்பதுதான் கேள்வி. முதலில் வீட்டில் ஒழுங்காக அளந்து பாருங்கள். மருத்துவமனையில் காட்டும் 158 வீட்டில் 138 ஆக இருப்பது முதியவர்களிடம் அரிதன்று. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி உட்காரச் செய்யுங்கள். கையை இதயத்தின் மட்டத்தில் மேசை மீது வைத்து, பட்டையை ஆடைக்கு மேல் கட்டாமல் வெறும் கையில் கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் ஒரு வாரம் குறித்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐத் தாண்டினால் அது உயர் அழுத்தம். அதோடு, அவர் எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளந்து தனியாக எழுதுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதுவே தலைச்சுற்றலுக்குக் காரணம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். சில நேரங்களில் அழுத்த மாத்திரையை மாற்றுவதை விட, தூக்க மாத்திரையையோ மனச்சோர்வு மருந்தையோ மறுபரிசீலனை செய்வதுதான் தேவையாக இருக்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிவது இந்த வயதில் இதய நோய்க்கு நிகரான ஆபத்து. ஆகவே தலைச்சுற்றலை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: மூட்டுவலிக்காக அவ்வப்போது டைக்ளோஃபினாக் சாப்பிடுகிறேன். உப்பைக் குறைக்க, பொட்டாசியம் கலந்த மாற்று உப்புக்கும் மாறியிருக்கிறேன். நான் ராமிபிரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவன். இவற்றால் தொல்லை உண்டா?

பதில்: இரண்டிலுமே உண்டு. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தைக் கூட்டுகின்றன; ராமிபிரில், நீர் மாத்திரை ஆகியவற்றோடு சேரும்போது சிறுநீரகத்தைத் திடீரென்று பாதிக்கின்றன. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடலில் நீர் குறைந்திருக்கும் நாளில் இந்த மூன்றும் சேர்வது மிகவும் ஆபத்தானது. வலிக்கு வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள். மாற்று உப்பைப் பொறுத்தவரை, ராமிபிரில் ஏற்கெனவே பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கக்கூடியது. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பொட்டாசியத்தையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினையும் சோதனை செய்து மருத்துவர் ஒப்புதல் தரும் வரை அதை நிறுத்திவையுங்கள். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரினும், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் உள்ள சோடியமும் அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 59 வயது. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்த பிறகு வெளியேற்ற விகிதம் 32 சதவீதம் ஆகிவிட்டது. இதயச் செயலிழப்பு என்கிறார்கள். இப்போது அவருடைய ரத்த அழுத்தம் 104/68தான். அப்படியிருந்தும் பிசோபிரோலால், ஸ்பைரோனோலாக்டோன், சாக்குபிட்ரில் வால்சார்டன் என்று அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளாகவே கொடுக்கிறார்கள். கடையில் உள்ளவர் இவை பி.பி. மாத்திரைகள் என்று சொன்னதால் பயமாக இருக்கிறது. குறைந்த அழுத்தத்தை இன்னும் குறைப்பது ஏன்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, விளக்கம் சொல்லாமல் மாத்திரைப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்தால் யாருக்கும் இந்த ஐயம் வரும். கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. அதே மருந்துகள் ரத்த அழுத்தத்துக்கும் பயன்படுகின்றன. ஆனால் உங்கள் கணவருக்கு அவை தரப்படுவது வேறு காரணத்துக்காக.

இதயம் பலவீனமாகி ரத்த ஓட்டம் குறையும்போது, சிறுநீரகம் அதை உடலில் ரத்தமே குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. ரெனின் சுரக்கிறது, அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் உருவாகி ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, ஆல்டோஸ்டிரோன் உப்பையும் நீரையும் தேக்குகிறது, அட்ரினலின் வகை ஹார்மோன்கள் இதயத்தை விரட்டுகின்றன. காயம்பட்டு ரத்தம் இழந்தவருக்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும். மாரடைப்பில் தசையை இழந்தவருக்கோ, இதே ஏற்பாடு மாதக்கணக்கில் ஓயாமல் நடந்து, எஞ்சியிருக்கும் தசையையும் நார்த்திசுவாக்கி, இதயத்தை உப்பி விரியச் செய்துவிடும். உங்கள் கணவரின் மாத்திரைகள் ஒவ்வொன்றும் இந்தத் தொடரின் ஒவ்வொரு கண்ணியை அறுக்கின்றன. அழுத்தம் குறைவது அதனோடு வரும் விளைவு.

இதற்கான சான்றும் வலுவானது. 1987இல், மிகவும் முற்றிய இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் எனலாபிரில் ஆறு மாதத்தில் மரணங்களை 40 சதவீதம் குறைத்தது. பலவீனமான இதயத்துக்குத் தரவே கூடாது என்று ஒரு காலத்தில் பாடப்புத்தகங்கள் எச்சரித்த பீட்டா தடுப்பான்களில் பிசோபிரோலால், மெட்டோபிரோலால் சக்சினேட், கார்வெடிலால் ஆகியவை ஆயுளை நீட்டிப்பது 1999 முதல் 2001 வரை வந்த ஆய்வுகளில் உறுதியானது. ஸ்பைரோனோலாக்டோன் மரணங்களை 30 சதவீதம் குறைப்பதை 1999ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. சாக்குபிட்ரில் வால்சார்டன் எனலாபிரிலையே விஞ்சியது 2014இல் தெரியவந்தது. டபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசினையும் இவற்றோடு சேர்ப்பது இன்றைய நடைமுறை. அழுத்தத்தை அதிகம் குறைக்காத மருந்து அது என்பதால் உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

104/68 என்ற எண்ணை மட்டும் பார்த்து எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அவர் நடமாடுகிறார், தலை சுற்றவில்லை, சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, கிரியாட்டினினும் பொட்டாசியமும் கட்டுக்குள் இருக்கின்றன என்றால் இந்த அழுத்தமே அவருக்குப் போதுமானது. எழுந்தவுடன் கண் இருட்டுகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரைகளை ஒரே நேரத்தில் தராமல் பிரித்துத் தருவது, வீக்கம் இல்லாதவருக்கு ஃபுரோசமைடின் அளவைக் குறைப்பது, இதயத்துக்கு நன்மை செய்யாத வேறு அழுத்த மருந்து இருந்தால் அதை எடுத்துவிடுவது என்று பல வழிகள் இருக்கின்றன. டில்டியாசம், வெராபமில் ஆகிய இரண்டும் வெளியேற்ற விகிதம் குறைந்தவர்களுக்கு ஆகாதவை. சாக்குபிட்ரில் வால்சார்டனோடு எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரையைச் சேர்க்கவே கூடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது 36 மணி நேர இடைவெளி வேண்டும். அந்த வகையின் பழைய மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால் தவறுதலாகக் கொடுத்துவிடாதபடி அப்புறப்படுத்துங்கள்.

நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, உணவுக்கு முன், ஒரே வகை உடையில் அவருடைய எடையைப் பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது உடலில் தேங்கிய நீராக இருக்கலாம். மூச்சிரைப்பு தொடங்கும் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். படுக்க முடியாத அளவுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நினைவு தடுமாறுதல், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். செல்லும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் அந்த எடைக் குறிப்பையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள்.